இயந்திர உலகின் இடுகுறிப் பெயர்கள்

பொருளுக்குப் பெயர் அமையும் வகையை ஆராய்ந்த நம் இலக்கண ஆசிரியர்கள், பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இரு கூறாக வகுத்தனர். மரம், பனை என்பன யாதொரு காரணமும் தோன்றாதவாறு முன்னோர் இட்டு வழங்கியவை. பறவை, வளையல் என்பன பறத்தலும் வளைதலுமாகிய காரணம் பற்றி வந்தவை. இவ்விரு வகையையும் பலவற்றுக்கு உரிய பொதுப்பெயர் என்றும், ஒன்றற்கே உரிய சிறப்புப்பெயர் என்றும் மேலும் பகுத்துக் காட்டினார் நன்னூலார். மரம் பொது, பனை சிறப்பு. பறவை பொது, மரங்கொத்தி சிறப்பு. பள்ளி மாணவரும் அறிந்த இப்பாகுபாடு பரீட்சை எழுதியதும் மறந்துவிடத் தக்கதன்று. உலகச் சந்தையை இன்று ஆளும் தொழில்நுட்பக் கம்பனிகள் தம் பொருள்களுக்குப் பெயர் சூட்டும் முறையை விளங்கிக்கொள்வதற்கு இது நல்லதொரு திறவுகோலாகும்.

மேலைநாட்டு வர்த்தகக்குறிச் சட்டமும் ஏறத்தாழ இதே பாகுபாட்டின்மீதுதான் எழுந்துள்ளது. 1976 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் இருந்த அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, வியாபாரப் பெயர்களை நான்கு படிகளில் நிறுத்திக் காட்டியது. அடிப்படியில் நிற்பது பொதுப்பெயர். அதற்கு எவரும் உரிமை கொண்டாட இயலாது. அடுத்தது பொருளின் தன்மையை எடுத்துரைக்கும் பெயர். அதற்கு உரிமை பெறுதல் அரிது. மூன்றாவது, பொருளைக் குறிப்பால் உணர்த்தும் பெயர். உச்சிப்படியில் நிற்பன பொருளோடு தொடர்பில்லாது இட்ட பெயரும், முற்றிலும் புதிதாகப் புனைந்த பெயருமாம். சுருங்கக் கூறின், காரணம் மிகுந்தோறும் உரிமை குறைகிறது. காரணம் மறையுந்தோறும் உரிமை வலுக்கிறது. மொழியிற் பிறந்த சொல் மக்கள் யாவர்க்கும் சொந்தம். அதைத் தனியொருவர் வேலியடைத்துக் கொள்ளலாகாது என்பதே இதன் உட்கருத்து.

இக்காரணத்தினால், பெயரால் பெருமை தேட விரும்பிய கம்பனிகள் இடுகுறியை நாடிச் சென்றன. அச்செலவில் அவை பெற்றதும் இழந்ததும் யாவை என்பதை ஈண்டு நோக்குவோம்.

கொடாக்கும் சோனியும்

இயந்திரப் பொருளுக்கு வேண்டுமென்றே பொருளற்ற பெயரைப் புனைந்தவர்களுள் முன்னோடி அமெரிக்கரான ஜோர்ஜ் ஈஸ்ட்மன். சாதாரண மனிதரும் கையாளத்தக்க புகைப்படக் கருவியை 1888 ஆம் ஆண்டு அவர் விற்பனைக்குக் கொணர்ந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'கொடாக்'. எம்மொழியிலும் அதற்குப் பொருள் இல்லை. ஒரு பெயர் சுருக்கமாக இருத்தல் வேண்டும், எவராலும் பிழைபட உச்சரிக்கப்படாததாக இருத்தல் வேண்டும், அத்துறையில் வழங்கும் வேறெதனையும் ஒத்திராததாக இருத்தல் வேண்டும் என்ற மூன்று நியதிகளை அவர் வகுத்துக்கொண்டார். ஆங்கிலத்துக் ககர ஒலியெழுத்தின்மீது அவருக்குத் தனிப் பற்று இருந்தது. வலிமையும் கூர்மையும் வாய்ந்த எழுத்து அது என அவர் கருதினார். ஆகவே முதலிலும் ஈற்றிலும் அவ்வெழுத்தே நிற்குமாறு எழுத்துக்களைக் கூட்டியும் மாற்றியும் பார்த்து அப்பெயரை அமைத்தார். வல்லினத்தின் வன்மையைச் செவியால் அறிந்த நம் செய்யுள் மரபினர்க்கு இந்த உணர்வு புதியதாகத் தோன்றாது.

கொடாக் தன் தேசத்தில் பெற்ற இடத்தை யப்பானில் தோன்றிய ஒரு சிறு கம்பனி உலகெங்கும் பெற முயன்றது. மசாரு இபுக்கா, அக்கியோ மொறிற்றா ஆகிய இருவர் 1946 இல் டோக்கியோவில் நிறுவிய அக்கம்பனியின் பெயர் 'டோக்கியோ ற்சூஷின் கோக்யோ' என்பது. டோக்கியோ தொலைத்தொடர்புப் பொறியியற் கம்பனி என்பது அதன் பொருள். காரணப் பெயர்தான், ஆயின் அயல்நாட்டார் நாவில் அது ஏறவில்லை. ஒலி எனப் பொருள்படும் 'சோனஸ்' என்னும் இலத்தீன் சொல்லையும், சிறுவனைச் செல்லமாக அழைக்கும் 'சனி' என்னும் ஆங்கிலச் சொல்லையும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஆங்கிலச் சொல்லை அவ்வாறே எழுதினால் யப்பானியர் அதனைச் 'சொன்-நி' என வாசிப்பர். அது நட்டப்படுதலைக் குறிக்கும் தொடரை ஒலிக்கும். வணிகத்துக்கு அபசகுனம்! ஆகவே இரட்டித்த எழுத்தில் ஒன்றைக் களைந்தனர், 'சோனி' பிறந்தது. 1955 இல் வானொலிப் பெட்டியில் பொறிக்கப்பட்ட அப்பெயர், 1958 இல் கம்பனியின் பெயராகவே மாறியது.

அந்நாளில் நிகழ்ந்ததாக மொறிற்றா தம் நூலிற் குறிப்பிடும் செய்தியொன்று எண்ணிப் பார்த்தற்குரியது. அமெரிக்காவின் புலோவா என்ற கடிகாரக் கம்பனி ஒரு இலட்சம் வானொலிப் பெட்டிகளை வாங்க முன்வந்தது. ஆனால் அவற்றின்மீது தன் பெயரையே பொறித்தல் வேண்டுமென நிபந்தனை விதித்தது. சிறு கம்பனிக்கு அது பெருஞ் செல்வம். எனினும் மொறிற்றா மறுத்துவிட்டார். பிறர் பெயரில் விற்ற பொருள் எத்துணைச் சிறந்ததாயினும், அதன் புகழ் பிறரையே சேரும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஒரே பொருளுக்குப் பல பெயர் சூட்டுவதன் கேட்டையும் அக்கம்பனி பின்னர்க் கற்றுக்கொண்டது. நடந்துகொண்டே இசை கேட்கும் சிறு கருவியை 1979 இல் அது வெளியிட்டபோது, 'வோக்மன்' என்னும் பெயர் ஆங்கில மரபுக்கு ஒவ்வாது எனச் சிலர் அஞ்சினர். அமெரிக்காவில் 'சவுண்ட்எபவுட்' என்றும், பிரித்தானியாவில் 'ஸ்ரோஎவே' என்றும், சுவீடனில் 'பிறீஸ்ரைல்' என்றும் அக்கருவி விற்கப்பட்டது. ஆனால் யப்பானிற் பிறந்த பெயரே மக்கள் வாயிற் பரவியது. ஆங்கிலமறிந்தோர் பிழையெனக் கண்ட பெயரை ஆங்கிலம் பேசும் மக்களே ஏற்றனர். ஈற்றில் எல்லா நாடுகளிலும் அது வோக்மன் ஆயிற்று.

எண்ணுக்கு உரிமை உண்டோ?

பெயரிடும் மரபு ஒரு கம்பனியின் போக்கையே மாற்றியதற்குத் தக்க சான்று இன்டெல்லின் வரலாறு. கணினியின் மூளை எனத்தக்க நுண்செயலியை ஆக்கும் இக்கம்பனி, 1968 இல் கலிபோர்ணியாவில் நிறுவப்பட்டது. நிறுவியவர்கள் றொபேட் நொய்ஸ், கோர்டன் மூர் ஆகிய இருவர். தம் பெயர்களையே இணைத்து 'மூர் நொய்ஸ்' என்றிட அவர்கள் எண்ணினர். ஆனால் ஆங்கிலத்தில் அது 'மிக்க இரைச்சல்' என ஒலித்தது. மின்னணுப் பொறியியலாருக்கு இரைச்சல் ஆகாத ஒன்று. ஆகவே 'ஒருங்கிணைந்த மின்னணுவியல்' என்னும் பொருளுடைய இரு ஆங்கிலச் சொற்களின் தலைப்பகுதிகளைக் கூட்டி 'இன்டெல்' என்றனர்.

கம்பனிக்குப் பெயர் தேடியவர்கள் பொருள்களுக்கு எண்களே போதும் எனக் கருதினர். 1971 இல் 4004. அடுத்த ஆண்டு 8008. 1974 இல் 8080. 1978 இல் 8086. பின்னர் 1982 இல் 80286, 1985 இல் 80386, 1989 இல் 80486 என எண்கள் தொடர்ந்தன. மக்கள் அவற்றை 286, 386, 486 எனச் சுருக்கி வழங்கினர். எண் உயர ஆற்றலும் உயரும் என்பது எளிதில் விளங்கிற்று. தொழில்நுட்பம் அறியாதவரும் கடைக்குச் சென்று '386 இருக்கிறதா?' என வினவத் தொடங்கினர்.

இங்குதான் இடர் பிறந்தது. ஏ.எம்.டி. என்னும் போட்டிக் கம்பனி, அதே தொழிலைச் செய்யும் நுண்செயலியை 1991 இல் 386 என்னும் எண்ணோடு விற்பனைக்கு விட்டது. எண் தமக்கே உரியது என இன்டெல் வழக்காடியது. அமெரிக்க நீதிமன்றமோ, 386 என்பது ஒரு கம்பனியின் குறியாக நில்லாமல் அவ்வகை நுண்செயலி அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது எனத் தீர்ப்பளித்தது. ஓராயிரம் பொறியியலாளரின் உழைப்பால் ஈட்டிய நற்பெயர், மூன்று இலக்கங்களின் வழியாகப் போட்டியாளரின் களஞ்சியத்துக்கு ஒழுகிச் செல்லக்கூடிய நிலை ஏற்பட்டது.

இன்டெல் இரண்டு வழிகளில் விடையிறுத்தது. முதலாவது, 1991 இல் தொடங்கிய 'உள்ளே இன்டெல்' என்னும் விளம்பர இயக்கம். கணினிப் பெட்டியின்மீது தன் இலச்சினையைப் பொறிக்கும் கம்பனிகளின் விளம்பரச் செலவில் ஒரு பகுதியை அது தானே ஏற்றது. பெட்டிக்குள் மறைந்து கிடக்கும் உறுப்பொன்றின் பெயரை, வாங்குவோர் கேட்டு வாங்கும் நிலை இதனால் உருவாயிற்று. இரண்டாவது, ஐந்தாம் தலைமுறை நுண்செயலிக்கு 586 என எண்ணிடாமல் பெயரிடுவது. லெக்ஸிக்கன் என்னும் பெயர் புனையும் நிறுவனத்தின் துணையுடன் கண்டெடுத்த அப்பெயரே 'பென்டியம்'. 1992 இல் அறிவிக்கப்பட்டு, 1993 இல் அது சந்தைக்கு வந்தது.

இப்பெயரின் அமைப்பு இலக்கணம் பயில்வோர் கருதற்குரியது. ஐந்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் பகுதி. சோடியம், கல்சியம், யுரேனியம் முதலிய மூலகங்களின் பெயரில் நிற்கும் ஈறே விகுதி. பகுதி தலைமுறையைச் சுட்ட, விகுதி அதனை இயற்கையின் அடிப்படைப் பொருள்களுள் ஒன்றெனத் தோன்றச் செய்தது. ஐந்து என்பதை அறிந்தவருக்குக் காரணப் பெயர், அறியாதவருக்கு இடுகுறி, சட்டத்துக்கோ புனைந்த சொல். காரண இடுகுறி என நம் உரையாசிரியர்கள் ஒரு வகை கூறுவரன்றோ? அதன் சந்தை வடிவம் இது.

ஆயின் காரணம் நெடுநாள் நிற்கவில்லை. 1995 இல் ஆறாம் தலைமுறை வந்தபோதும் 'ஆறு' எனப் பெயர் மாறவில்லை. பென்டியம் புறோ என்றே வந்தது. பின்னர் 1997 இல் பென்டியம் இரண்டு, 1999 இல் மூன்று, 2000 இல் நான்கு எனத் தொடர்ந்தது. ஐந்துக்குப்பின் இரண்டு வருவது எக்கணக்கு என எவரும் வினவவில்லை. காரணம் மறைந்து பெயர் மட்டும் நின்றமையால் வினவ வேண்டியிருக்கவில்லை.

புகழ் வழியே வந்த பழி

பெயர் பரவினால் புகழ் மட்டுமே பரவும் என எண்ணுதல் தவறு. 1994 இல் பென்டியம் நுண்செயலி சில வகுத்தற் கணக்குகளிற் பிழையான விடை தருவதை அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஒருவர் கண்டறிந்தார். பிழை அரிதாகவே நேர்ந்தது. தேவையை நிறுவிக் காட்டுவோர்க்கு மட்டும் மாற்றுத் தருவோம் என்றது கம்பனி. முன்னைய நாளில் எண்ணால் வழங்கிய ஓர் உறுப்பில் இத்தகு குறை நேர்ந்திருப்பின், அது பொறியியலாளர் வட்டத்தோடு அடங்கியிருக்கக்கூடும். ஆனால் இப்பொழுது பெயர் வீடுதோறும் அறிந்த பெயராயிற்றே! மக்கள் எழுப்பிய குரலுக்குப் பணிந்து, கேட்போர் அனைவர்க்கும் மாற்றித் தருவதாக அவ்வாண்டு டிசம்பரில் கம்பனி அறிவித்தது. அதற்கென 47 கோடியே 50 இலட்சம் டொலரைக் கணக்கில் ஒதுக்க நேர்ந்தது. பெயரை மக்களிடம் கொண்டுசென்றவர், அப்பெயரின் பொருட்டு மக்களுக்கு விடைகூறும் கடனையும் ஏற்றவராகிறார் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

அதன் முடிவும் வியப்புக்குரியது. 2023 முதல் மடிக்கணினிகளுக்குரிய எளிய வகைகளிற் பென்டியம் என்னும் பெயரைக் கைவிடுவதாக 2022 இல் இன்டெல் அறிவித்தது. அதற்குப் பதிலாக வந்த பெயர் யாது? 'இன்டெல் புறொசெசர்', அதாவது இன்டெல் செயலி. முப்பது ஆண்டுகளின்பின் பெயர் மீண்டும் காரணப் பொதுப்பெயருக்கே திரும்பிவிட்டது. இடைப்பட்ட காலத்திற் கம்பனியின் பெயரே போதிய அடையாளமாகிவிட்டமையால் இது இயல்வதாயிற்று.

ஓரெழுத்தும் ஓரிலக்கமும்

அப்பிள் கம்பனியின் வழி வேறு. எல்லோரும் அறிந்த பழத்தின் பெயரை, பழத்தோடு எத்தொடர்பும் இல்லாத கணினிக்கு 1976 இல் அது இட்டது. பழக்கடைக்காரர் அப்பெயரைத் தமக்கென உரிமை கொள்ள இயலாது. கணினி செய்வோர் கொள்ளலாம். 1984 இல் வந்த 'மெக்கின்ரொஷ்' என்பதும் அப்பிள் இனமொன்றின் பெயரைச் சற்றே எழுத்து மாற்றி இட்டதாகும்.

1998 இல் 'ஐமக்' என்னும் கணினியை வெளியிட்டபோது, முன்னொட்டாக நின்ற 'ஐ' இணையத்தைக் குறிக்கும் என்றார் ஸ்ரீவ் ஜொப்ஸ். தனிமனிதன், கற்பித்தல், அறிவித்தல், ஊக்குவித்தல் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தும் அதுவே என மேலும் கூறினார். 2001 இல் ஐபொட், 2007 இல் ஐபோன், 2010 இல் ஐபேட் என அம்முன்னொட்டு தொடர்ந்தது. பின்வந்த ஒவ்வொன்றும் முன்வந்தவற்றின் புகழைப் பிறக்கும்போதே பெற்றுப் பிறந்தது. குடும்பப் பெயர் பிள்ளைக்குச் செய்யும் உதவியை இவ்வோரெழுத்துப் பொருளுக்குச் செய்தது. 'ஐ' என்பது நம் மொழியிலும் தலைவன், அழகு எனப் பொருள்தரும் ஓரெழுத்து ஒருமொழி என்பது இனிய தற்செயல்.

ஆனால் ஓரெழுத்துக்கு வேலியடைப்பது எங்ஙனம்? ஐபோன் என்ற பெயர் சிஸ்கோ என்னும் கம்பனிக்கு முன்னரே உரியதாயிருந்தது. 2007 சனவரியில் அது வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதமே இரு பகுதியாரும் உடன்பாடு கண்டனர். ஐபேட் என்னும் பெயருக்காகச் சீனாவிலிருந்த மற்றொரு கம்பனிக்கு 2012 இல் 6 கோடி டொலர் செலுத்தவேண்டியதாயிற்று. பிறரும் இம்முன்னொட்டைத் தாராளமாக எடுத்தாண்டனர். 2015 இல் விற்பனைக்கு வந்த கைக்கடிகாரத்துக்கு 'அப்பிள் வொச்' எனக் கம்பனியின் முழுப் பெயரையே இட்டமை, இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது.

பெயரோடு சேரும் இலக்கத்துக்கும் ஒரு தொழில் உண்டு. கையிலுள்ள கருவி பழையது என்பதை அதன் சொந்தக்காரருக்கு ஆண்டுதோறும் நினைவூட்டுவதே அத்தொழில். 2017 இல் அப்பிள், எட்டினையடுத்து ஒன்பதை விடுத்து, பத்தைக் குறிக்கும் உரோம எழுத்தால் ஒரு ஐபோனுக்குப் பெயரிட்டது. மைக்ரோசொப்ற் கம்பனியும் 2015 இல் விண்டோஸ் எட்டிலிருந்து பத்துக்குத் தாவியது. 2025 இல் அப்பிள் தன் இயக்கு மென்பொருள்கள் அனைத்துக்கும் வரும் ஆண்டைக் குறிக்கும் 26 என்னும் ஒரே இலக்கத்தைச் சூட்டியது. எண் என்பது எண்ணிக்கையை விட்டு நீங்கி, நாட்காட்டியாகவும் அலங்காரமாகவும் மாறிவிட்டது.

அகரவரிசையில் இனிப்புகள்

கூகிள் கம்பனியின் அன்ட்ரொயிட் மென்பொருள் வேறொரு சுவையான மரபைக் கைக்கொண்டது. 2009 முதல் அதன் ஒவ்வொரு பதிப்பும் ஓர் இனிப்புப் பண்டத்தின் பெயரை ஆங்கில அகரவரிசையிற் பெற்றது. கப்கேக், டோனட், எக்ளெயர் என வரிசை சென்றது. ஆத்திசூடி அகரவரிசையில் அமைந்து பிள்ளைகள் நினைவிற் பதிந்தது போன்று, எழுத்து வரிசையே இங்கும் நினைவுக்குத் துணையாயிற்று. அடுத்த எழுத்துக்கு எந்த இனிப்பு வரும் என மக்கள் ஊகிக்கத் தொடங்கினர். அவ்வூகமே விலையில்லா விளம்பரமாயிற்று.

2019 இல் இம்மரபைக் கூகிள் வெளியுலகிற்குக் கைவிட்டு, 'அன்ட்ரொயிட் 10' என இலக்கத்துக்குத் திரும்பியது. அதற்கு அது கூறிய காரணங்கள் மொழியாசிரியர்கள் கவனிக்கத்தக்கவை. சில மொழிகளில் லகரமும் ரகரமும் பேச்சில் வேறுபடுவதில்லை. ஆதலால் எது முந்தியது, எது பிந்தியது என அம்மொழியினர் அறியமாட்டார். 'பை' எனப்படுவது எல்லா நாட்டிலும் இனிப்பன்று. 'மார்ஷ்மலோ' பலர் உண்டறியாதது. ஓர் ஊரின் சிற்றுண்டிச் சாலையிற் பிறந்த பெயர் உலகெல்லாம் செல்லும்போது அதன் காரணம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. நம் நாட்டுச் சிறுவனுக்கு அப்பெயர்கள் தொடக்கத்திலிருந்தே இடுகுறிகளாகத்தான் இருந்தன.

சிறப்புப்பெயர் பொதுப்பெயர் ஆதல்

இனி, இம்முயற்சிகள் யாவற்றின் உள்ளேயும் மறைந்திருக்கும் ஒரு முரணைக் காண்போம். எல்லோர் வாயிலும் தன் பெயர் வழங்க வேண்டும் என்று கம்பனி விரும்புகிறது. ஆனால் எல்லோர் வாயிலும் வழங்கினால் அது பொதுப்பெயராகிவிடுகிறது. பொதுப்பெயருக்கோ உரிமை இல்லை. தானாக நகரும் படிக்கட்டுக்கு ஓட்டிஸ் கம்பனி வைத்திருந்த 'எஸ்கலேற்றர்' என்னும் பெயர், 1950 இல் அமெரிக்காவில் உரிமை இழந்து பொதுச்சொல்லாயிற்று. ஒஸ்திரியாவின் உச்ச நீதிமன்றம் 2002 இல் வோக்மன் என்பதையும் பொதுச்சொல் எனக் கொண்டது. உலர் முறையிற் படியெடுக்கும் பொறிக்குக் கிரேக்கச் சொல்லினடியாகப் பிறந்த 'செரொக்ஸ்' என்னும் பெயரை வினைச்சொல்லாக வழங்காதீர் என அக்கம்பனி விளம்பரஞ் செய்தே மன்றாடியது. தமிழகத்திலோ 'ஜெராக்ஸ் எடுத்தல்' நிலைத்த வழக்காகிவிட்டது. 'கூகிள்' என்பதை வினைச்சொல்லாக ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி 2006 இல் ஏற்றது. வினையாக வழங்குவது மாத்திரத்தால் உரிமை அழியாது என 2017 இல் அமெரிக்க நீதிமன்றம் கூறியமையால் அப்பெயர் தப்பிற்று.

நம்மூர்க் கலியாண வீடுகளிலும் கோயில் வீதிகளிலும் ஒளி வீசிய பெற்றோமக்ஸ் விளக்கை நினைத்துப் பாருங்கள். அது ஜேர்மனியின் பேர்ளின் நகரில் இயங்கிய ஒரு கம்பனி தன் விளக்குக்கு இட்ட சிறப்புப்பெயர். நம்மவர்க்கோ எவர் செய்த விளக்காயினும் பெற்றோமக்ஸ்தான். எந்த நீதிமன்றமும் தீர்ப்புக் கூறவில்லை. மக்கள் நாவே தீர்ப்புக் கூறிவிட்டது.

நாம் கொள்ளத்தக்கது

இவற்றால் ஆசிரியர்களும் மாணவர்களும் பெறத்தக்க பயன் ஒன்றுண்டு. வணிகன் பெயரிடுவது பிரிப்பதற்காக; மொழி பெயரிடுவது பகிர்வதற்காக. வணிகனுக்கு இடுகுறி வேண்டும். கல்விக்குக் காரணப்பெயர் வேண்டும். 1950களிலும் 1960களிலும் இந்நாட்டின் அரசகரும மொழித் திணைக்களம் விஞ்ஞானத் துறைகளுக்குத் தமிழ்ச் சொற்றொகுதிகளை வெளியிட்டபோது, பொருள் விளங்கும் சொற்களையே பெரும்பாலும் ஆக்க முயன்றது. தொலைபேசி, கணினி, மின்னஞ்சல், தேடுபொறி என்பன யாவும் அவ்வழி நிற்கும் காரணப்பெயர்களே. அவற்றை எவரும் வழங்கலாம்; எவருக்கும் கட்டணம் இல்லை; கம்பனி மறைந்தாலும் சொல் மறையாது. புகைப்படத் தொழிலின் அரசனாய் விளங்கிய கொடாக் 2012 இல் கடனிறுக்க இயலாது நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. அடுத்த ஆண்டு அது மீண்டதாயினும் பழைய சிறப்பை எய்தவில்லை. புகைப்படம் என்ற நம் சொல்லோ எவ்விதக் குறையுமின்றி வாழ்கிறது.

ஆகவே வகுப்பறையிலும் பாடநூலிலும் ஒரு பொருளின் பொதுப்பெயர் நிற்கவேண்டிய இடத்தில் கம்பனியின் சிறப்புப்பெயரை இட்டு வழங்குதல் தகாது. தேடுபொறியில் தேடுக என்று மாணவனுக்குக் கூறுவதற்கும், ஒரு கம்பனியின் பெயரை வினையாக்கிக் கூறுவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது அவனுக்கு ஒரு செயலைக் கற்பிக்கிறது. பின்னது ஒரு கடையின் வாசலை மட்டும் காட்டி, வேறு கடை இல்லை என எண்ணச் செய்கிறது. கம்பனிகள் தம் பெயரைக் காப்பதற்கு வழக்கறிஞரை வைத்திருக்கின்றன. மொழிக்கு அத்தகைய காவலர் இல்லை. அதை நாள்தோறும் பேசுவோரும் கற்பிப்போருமே அப்பணியைச் செய்தல் வேண்டும்.